ரஸாயனப் பரீக்ஷையில் தவறுவது எங்கே?

வருஷந்தோறும் மேல்நிலைப் பரீக்ஷையின் முடிவுகள் வெளியானவுடன் வீடுகளில் ஒரு விசாரணை நடப்பது வழக்கம். கணிதத்தில் மார்க்குக் குறைந்தால் பையனுக்குக் கணக்கு வரவில்லை என்று ஒருவாறு சமாதானம் கொள்ளுகிறார்கள். ரஸாயனத்தில் குறைந்தாலோ, “இராப்பகலாக உருப்போட்டானே, அத்தனையும் எங்கே போயிற்று?” என்று பெற்றோர் திகைக்கிறார்கள். பையனும் திகைக்கிறான். அவன் மெய்யாகவே படித்தவன். சமன்பாடுகளையும் சேர்மங்களின் பெயர்களையும் ஒப்பிக்கச் சொன்னால் இன்றும் தட்டின்றி ஒப்பிப்பான். அங்ஙனமிருக்க, மார்க்குப் போன வழி யாது என்பதைச் சற்று விசாரித்தல் நலம்.

இது சின்ன விஷயமென்று எவரும் எண்ணவேண்டாம். தமிழ்நாட்டில் 1978-ஆம் வருஷத்தில் மேல்நிலைக் கல்வி ஏற்பட்டது. இப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பு ரஸாயனத்திற்கு மொத்தம் 100 மார்க்கு; எழுத்துப் பரீக்ஷைக்கு 70, செய்முறைக்கு 20, பள்ளியிலேயே இடும் மதிப்பீட்டுக்கு 10. பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணிதம் 100, பௌதிகம் 50, ரஸாயனம் 50 என்று குறுக்கிக் கூட்டி வரிசை நிர்ணயிக்கிறார்கள். ஆகவே ரஸாயனத்தில் ஒரு மார்க்குப் போனால் வரிசைக் கணக்கில் அரை மார்க்குப் போகிறது. அந்த அரை மார்க்கின் இடைவெளியில் எத்தனையோ பேர் முன்னே சென்றுவிடுகிறார்கள். பணங்கொடுத்துத் தனிப் பாடம் சொல்லிக்கொள்ள வகையில்லாத குடியானவன் மகனுக்கும் கைத்தொழிலாளி மகளுக்கும் அது ஒரு கல்லூரியின் கதவு திறப்பதும் மூடுவதுமான காரியம்.

நாம் கவனித்த வரையில், இம்மாணாக்கர் செய்யும் பிழைகளிற் பெரும்பாலானவை மறதியால் நேர்பவையல்ல. தாம் எழுதிய விடை என்ன சொல்லுகிறதென்று திரும்பிப் பாராமையே அவற்றிற்கு மூலம். சில திருஷ்டாந்தங்களால் இதை விளக்குவோம்.

பத்து டிகிரியின் கதை

வினைவேகம் என்னும் பாடத்தில் அடிக்கடி வரும் கணக்கு ஒன்று: ஒரு ரஸாயன வினையின் வேகம், வெப்பநிலை 27 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 37 டிகிரிக்கு உயரும்பொழுது இரு மடங்காகிறது, அவ்வினையின் கிளர்வு ஆற்றல் எவ்வளவு? வினை நிகழ்வதற்கு மூலக்கூறுகள் தாண்டவேண்டிய தடையின் உயரமே கிளர்வு ஆற்றல். இதற்குரிய அர்ரீனியஸ் சமன்பாடு மாணாக்கனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆயினும் அச்சமன்பாட்டில் 27-ஐயும் 37-ஐயும் அப்படியே போட்டுவிடுகிறான். போடவேண்டியவை கெல்வின் அளவான 300-உம் 310-உம் ஆகும். முறையாகச் செய்தால் விடை மோலுக்கு ஏறக்குறைய 53,600 ஜூல். அவன் கண்ட விடையோ 576 ஜூல். உண்மையில் தொண்ணூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

பிழை நேர்வது மனித இயல்பு. அதை நாம் பெரிதாகச் சொல்லவில்லை. 576 என்ற எண்ணைக் கண்டதும் அவன் ஏன் நிற்கவில்லை என்பதே நமது வினா. 300 கெல்வினில், வாயு மாறிலியை வெப்பநிலையாற் பெருக்கினால் வரும் வெப்ப ஆற்றலே மோலுக்கு 2,500 ஜூல் அளவாகும். தடை அதைவிடத் தாழ்ந்திருந்தால் பத்து டிகிரி சூடேற்றியதால் வேகம் நூற்றுக்கு நான்கு பங்குகூட உயராது. வினாவிலோ வேகம் இரு மடங்காயிற்று என்று எழுதியிருக்கிறது. அதாவது, மாணாக்கனுடைய விடை அவன் கையிலிருக்கும் வினாத்தாளையே மறுத்துப் பேசுகிறது. அவனோ அதன் கீழ் இரட்டைக் கோடிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறான்.

இதற்கு உடன்பிறந்த பிழை அலகுகளைக் கலப்பது. என்தால்பி கிலோஜூலில் கொடுக்கப்பட்டிருக்கும். என்ட்ரோபி ஜூலில் இருக்கும். இரண்டையும் மாற்றாமலே கூட்டிக் கழிப்பவன், ஐந்து ரூபாயையும் ஐம்பது பைசாவையும் சேர்த்து ஐம்பத்தைந்து என்று சொல்லும் கடைக்காரனுக்கு ஒப்பானவன். அத்தகைய கடை எத்தனை நாள் நடக்கும்? வேறு சிலர் எண்ணைச் சரியாகக் கண்டும் அலகை எழுதாமல் விடுகிறார்கள். வினைவேக மாறிலிக்கு முதல் வகை வினையில் ஓர் அலகு, இரண்டாம் வகை வினையில் வேறோர் அலகு. அலகைக் கண்டே வினையின் வகையைச் சொல்லிவிடலாம். அலகை விட்டவன் விடையிற் பாதியை விட்டவனாகிறான்.

அமிலம் காரமாகுமா?

இன்னொரு கணக்கு. லிட்டருக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு மோல் வீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த நீரின் பி.எச். எண் யாது? சூத்திரத்தைப் பிரயோகித்த மாணாக்கன் 8 என்று எழுதுகிறான். ஏழுக்கு மேற்பட்டது காரம் என்பது அவன் அறியாததன்று. அப்படியானால், தூய நீரில் ஒரு துளி அமிலத்தை விட்டதால் நீர் காரமாயிற்று என்றல்லவா அவன் விடை கூறுகிறது? எலுமிச்சை பிழியப் பிழியப் பானகம் உவர்மண்ணாகிறது என்று ஒருவர் சொன்னால் நம் வீட்டுப் பெண்டிர் நகைப்பார்கள். பரீக்ஷைத் தாளில் அதையே எண்ணாக எழுதும்பொழுது எவரும் நகைப்பதில்லை.

அவன் மறந்தது தண்ணீரை. தண்ணீர் தானும் சிறிது அயனியாகிப் பிரிந்து, லிட்டருக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு மோல் ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது. அமிலம் தருவது அதில் பத்தில் ஒரு பங்கே. இரண்டையும் முறைப்படி சேர்த்துக் கணக்கிட்டால் பி.எச். 6.98 என்று வரும். ஏழுக்கு மயிரிழை கீழே. ஆயினும் அமிலப் பக்கமே. இவ்வளவு நீர்த்த கரைசலில் தண்ணீரையும் கணக்கிற் சேர்க்க வேண்டுமென்ற கட்டுப்பாட்டைச் சூத்திரத்தோடு சேர்த்துக் கற்காதவனுக்குச் சூத்திரமே பகையாய் முடிகிறது.

செறிவுக் கணக்கிலும் இவ்வாறே. ஒரு கரைசலின் கன அளவையும் நார்மாலிட்டியையும் பெருக்கினால் மற்றக் கரைசலின் பெருக்கத்துக்குச் சமம் என்பது ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கற்ற சூத்திரம், அது மெய்யே. ஆனால் நார்மாலிட்டியின் இடத்தில் மோலாரிட்டியை வைத்து அதே சூத்திரத்தை ஓட்டுகிறார்கள். 0.1 மோலார் ஸல்பியூரிக் அமிலம் 25 மில்லிலிட்டரை நடுநிலையாக்க, 0.1 மோலார் ஸோடியம் ஹைட்ராக்ஸைடு எவ்வளவு வேண்டுமென்றால் 25 மில்லிலிட்டர் என்று எழுதுகிறார்கள். வேண்டியது 50. ஸல்பியூரிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தரவல்லது. அவற்றில் ஒன்றை மாணாக்கன் விழுங்கிவிட்டான். சமன்செய்த சமன்பாட்டை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்கினால் இப்பிழை நேராது.

ஒரு கோடும் ஓர் அடைப்பும்

எழுத்து விடைகளில் அடையாளங்களை அலக்ஷியம் செய்வதால் வரும் நஷ்டம் அதிகம். அணைவுச் சேர்மங்களின் வாய்பாட்டில் வரும் சதுர அடைப்பைச் சிலர் அழகுக்கு வரைந்த கோடாக நினைக்கிறார்கள். கோபால்ட், அம்மோனியா, குளோரின் மூன்றும் சேர்ந்த இரண்டு உப்புக்களைப் பாருங்கள். ஒன்று ஆரஞ்சு மஞ்சள் நிறம். அதில் ஆறு அம்மோனியா அடைப்புக்குள், மூன்று குளோரைடு வெளியே. மற்றொன்று ஊதா நிறம். அதில் ஐந்து அம்மோனியாவோடு ஒரு குளோரைடும் உள்ளே, இரண்டு வெளியே. சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டால் முன்னதில் மூன்று குளோரைடும் வீழ்படிவாகும். பின்னதில் இரண்டே வீழும். உள்ளே இருப்பது கோபால்டைப் பற்றிக்கொண்டு விடாது. இவ்வித வேற்றுமைகளை நிதானித்தே வெர்னர் என்னும் அறிஞர் 1893-இல் தமது கொள்கையை வெளியிட்டு, 1913-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த அடைப்பை எழுதாமல் விட்ட மாணாக்கன் இரண்டு பொருள்களை ஒன்றாக்கிவிடுகிறான். குளோரின் என்பதற்கும் குளோரைடு என்பதற்கும் பேதமின்றி எழுதுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. முன்னது நச்சு வாயு. பின்னது நாம் உண்ணும் உப்பில் உள்ளது.

கரிம ரஸாயனத்தில் அம்புக்குறியின்மேல் எழுதவேண்டிய நிபந்தனையை விடுவது வழக்கமாகிவிட்டது. எத்தனாலை அடர் ஸல்பியூரிக் அமிலத்தோடு 413 கெல்வினில் சூடேற்றினால் ஈதர் கிடைக்கும். 443 கெல்வினில் எத்திலீன் வாயு கிடைக்கும். பொருள்கள் அவையே, முப்பது டிகிரி வித்தியாசத்தில் விளைவு முற்றும் மாறுகிறது. “எத்தனாலோடு அமிலம் சேர ஈதர் உண்டாகும்” என்று மட்டும் எழுதியவனுக்கு முழு மார்க்கு இடவில்லையென்றால் திருத்துவோர் கருமித்தனம் செய்தாரென்று குறைகூற நியாயமில்லை.

கண்ட அளவும் கிட்டவேண்டிய அளவும்

செய்முறைப் பரீக்ஷையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொண்டு செறிவு காண்பது வழக்கம். பியூரெட்டையும் பிப்பெட்டையும் அவற்றில் நிரப்பப்போகும் கரைசலாலேயே அலம்பவேண்டும். கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டுமே அலம்பவேண்டும். பலர் குடுவையையும் கரைசலால் அலம்பிவிடுகிறார்கள். அளந்து விட்ட 20 மில்லிலிட்டரோடு அளவாத சொச்சமும் குடுவையில் தங்கிவிட, கணக்கு அடியோடு கெடுகிறது. பெர்மாங்கனேட் கருஞ்சிவப்பாகையால் அதன் வளைவின் மேல்விளிம்பைப் பார்த்து அளவு குறிக்கவேண்டும். நிறமற்ற கரைசலுக்குரிய கீழ்விளிம்பைத் தேடி அலைவது வீண். ஆக்ஸாலிக் அமிலத்தைச் சூடேற்றாமல் பெர்மாங்கனேட்டை விட்டால் முதலில் நிறம் மாறாமல் நிற்கும். அதையே முடிவென்று எண்ணி ஏமாறுவோருமுண்டு.

இவையெல்லாம் கைப்பழக்கத்தால் தீரும். தீராத பிழை ஒன்றுண்டு. பக்கத்து மேஜையின் அளவைக் கேட்டறிந்தோ, கிட்டவேண்டிய விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டோ, மூன்று தடவையும் ஒரே அளவு வந்ததாக எழுதிவிடுவது. இதை மாணாக்கர் சாமர்த்தியமென்று எண்ணுகிறார்கள். உபாத்தியாயர் சிலர் கண்டும் காணாதார்போல் இருந்துவிடுகிறார்கள். கல்கத்தாவில் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் பாதரஸத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை விட்டு வைத்திருந்தபொழுது, தாம் எதிர்பாராத மஞ்சள் படிகங்கள் படிந்திருக்கக் கண்டார். எதிர்பார்த்ததையே எழுதும் வழக்கம் அவருக்கிருந்திருந்தால் அப்படிகங்களைக் கழுவிக் கொட்டியிருப்பார். அவர் நின்று ஆராய்ந்தார். மெர்க்யூரஸ் நைட்ரைட் என்னும் அப்பொருளைப்பற்றி 1896-இல் உலகுக்கு அறிவித்தார்.

செய்யத்தக்கது

பரீக்ஷை முறையையே குறைகூறுவாருமுளர். பாடப் புத்தகத்தில் பாட இறுதியிலுள்ள வினாக்களை உருப்போட்டாற் போதுமென்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியதற்கு முறையும் ஒரு காரணமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் முறை திருந்தும்வரை மாணாக்கன் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விடையின் முடிவிலும் மூன்று கேள்விகளைத் தன்னையே கேட்டுக்கொள்வானாக: அலகு எழுதினேனா? இந்த அளவு உலகத்தில் நடக்கக்கூடியதா? வினா கேட்டதற்குத்தான் விடை சொன்னேனா? ஒரு விடைக்கு அரை நிமிஷம் போதும்.

நம் வாசகர்களில் பலர் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்களில் அங்கம் வகிப்பவர்கள். தம் ஊர்ப் பள்ளியின் ஆய்வுக்கூடம் வருஷத்தில் எத்தனை நாள் திறக்கிறது, ஒரு பியூரெட்டை எத்தனை பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்கிறார்கள், உடைந்த சாமான்களுக்குப் புதியவை வந்தனவா என்று அவர்கள் ஒரு தடவை நேரில் சென்று பார்ப்பார்களாக. இன்று தசமப் புள்ளியை இடம் மாற்றி எழுதும் பிள்ளை நாளை மருந்துக்கடையில் மருந்தை அளப்பான். ஆஸ்பத்திரியில் ஊசிமருந்தை நிறைப்பாள். ஊர்க் குடிநீரில் குளோரினைக் கலப்பான். அங்கே பிழையைச் சுழித்து மார்க்கைக் குறைக்கும் சிவப்பு மசி கிடையாது.