தூக்கிவிட வேண்டாம், பாதை தாருங்கள்

திருகோணமலை நகரில் அலுவலகம் ஒன்றின் வாசலில் ஏழு படிகள். அந்தப் படிகளின் கீழே சக்கர நாற்காலியில் ஒரு பெண் காத்திருந்தார். மூதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வந்தவர். யுத்த காலத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டு நடக்கும் ஆற்றலை இழந்தவர். உள்ளே ஒரு படிவத்தில் கையொப்பமிட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு இளைஞர்கள் நல்ல மனதோடு ஓடிவந்தார்கள். "அக்கா, தூக்கி விடுறம்" என்றார்கள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். கடைசியில் படிவம் வெளியே வந்தது. வெயிலில், எல்லோரும் பார்க்க, மடியில் வைத்துக் கையொப்பமிட்டார்.

திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "மிஸ், பஸ்ஸில ஏத்தேக்க ஒருக்கா, இறக்கேக்க ஒருக்கா, அந்நிய ஆம்பிளையள் தூக்கினம். இன்னும் எத்தனை தரம்? காலையில இருந்து நான் ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்கேல்ல. இஞ்ச நான் போகக்கூடிய கக்கூஸ் எங்க இருக்கு?"

இது இரக்கத்தால் தீரும் பிரச்சினையா? உரிமையால் தீர வேண்டிய பிரச்சினையா? உலகெங்கும் மாற்றுத்திறனாளிகள் எழுப்பிய கேள்வியும் இதுவே.

தர்மத்திலிருந்து உரிமைக்கு

எமது நாட்டில் இப்பணி தர்ம சிந்தனையிலேயே ஆரம்பமானது. 1912 இல் மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி, காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். யுத்த காலத்தில், 1987 இல், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் உருவாகியது. இவை செய்த சேவை அளப்பரியது. ஆனால் கால் கிடைத்த பின்னும் படி அப்படியே இருந்தால் என்ன செய்வது?

1977 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், மாற்றுத்திறனாளிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அரச கட்டடமொன்றினுள் புகுந்து, மூன்று வாரங்களுக்கும் மேலாக அங்கேயே தங்கிப் போராடினார்கள். பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டப் பிரிவை நடைமுறைப்படுத்துமாறு கேட்டார்கள், வென்றார்கள். அதில் முன்னின்றவர்களில் ஒருவர் ஜூடி ஹியூமன், போலியோவால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த பெண். 1981 ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாகப் பிரகடனம் செய்தது. எங்களைப் பற்றிய எந்த முடிவையும் நாங்கள் இல்லாமல் எடுக்காதீர்கள் என்பதே இந்த இயக்கத்தின் தாரக மந்திரமாயிற்று.

எமது நாட்டுச் சட்டங்கள்

1988 இல் வெளியான சுற்றறிக்கை, அரச துறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்னது. 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. 2003 இல் தேசியக் கொள்கை வந்தது. 2006 இல் பொதுக் கட்டடங்களுக்குள் எவரும் செல்லக்கூடிய வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின.

ஆனால் காகிதத்தில் எழுதியது கட்டடத்தில் வரவில்லை. இதை நீதிமன்றம் வரை கொண்டு சென்றவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்த அவர், 1992 இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மீது மரம் விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் தொடுத்த வழக்கில் 2011 ஏப்ரல் 27 அன்று உயர் நீதிமன்றம், புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்களில், முக்கியமாக மலசலகூடங்களில், மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இருக்க வேண்டும் என்றும், தவறுவது தண்டனைக்குரியது என்றும் கட்டளையிட்டது. 2016 இல் இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது.

பெண்ணுக்கு இரட்டைச் சுமை

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோர் ஏதோவொரு இயலாமையுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். அப்படியானால் எமது கூட்டங்களில், கோயில் திருவிழாக்களில், திருமண வீடுகளில் அவர்களை ஏன் காண்பதில்லை? பிள்ளை இப்படிப் பிறந்தால் தாயின் வினை என்கிறோம். அக்காவைக் கண்டால் தங்கையின் கலியாணம் குழம்பும் என்று அறைக்குள் இருத்துகிறோம். கால் ஊனமான ஆணுக்குப் பெண் தேடும் ஊர், கால் ஊனமான பெண்ணைப் பார்த்து "பாவம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

பெயரை விட்டுவிட்டு நொண்டி, செவிடு, குருடு என்று அழைப்பதும் எமது வழக்கமே. அங்கவீனர், வலுவிழந்தோர், மாற்றுத்திறனாளி என்று சொற்கள் மாறிவந்தது வெறும் அலங்காரத்திற்காக அல்ல. முதலில் மனிதராகப் பாருங்கள் என்ற கோரிக்கை அதற்குள் இருக்கிறது.

அவர்களின் கலை, அவர்களின் வெற்றி

2000 ஆம் ஆண்டில் ஆரம்பமான சுனேரா மன்றம், மாற்றுத்திறனாளிகளை நடனத்திலும் நாடகத்திலும் மேடையேற்றியது. அங்கே அவர்கள் பார்வையாளர்களின் அனுதாபத்தைக் கேட்கவில்லை, கைதட்டலைச் சம்பாதித்தார்கள். 2021 இல் டோக்கியோவில் நடந்த பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஈட்டி எறிந்து இலங்கைக்கு முதலாவது பராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். 2024 இல் பார்வையற்ற சுகத் வசந்த டி சில்வா பாராளுமன்ற உறுப்பினரானார். எமது கிராமத்துப் பெண் எப்போது மாதர் சங்கத்தின் தலைவியாவாள்?

நாம் செய்யக்கூடியது

சகோதரிகளே, பெரிய நிதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்திற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இரண்டு படியுள்ள மண்டபத்திற்கு ஒரு நாள் சிரமதானமும் சில மூடை சீமெந்தும் கல்லும் மணலும் போதும். மலசலகூடம் கட்டும்போது கதவைச் சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் வையுங்கள். சுவரில் ஒரு கைபிடி பொருத்துங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தைப் படியில்லாத இடத்தில் வையுங்கள். உதவுவதற்கு முன் "எப்படி உதவ வேண்டும்?" என்று அவரிடமே கேளுங்கள்.

மூதூர்ச் சகோதரி அடுத்த மாதமும் அதே அலுவலகத்திற்கு வரவேண்டும். இம்முறை சாய்தளம் கேட்டு ஒரு கடிதத்தைத் தானே எழுதி, அதையும் எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். "என்ர கையெழுத்து மட்டும் காணாது மிஸ், நடக்கிற ஆக்களும் வைக்க வேணும்" என்றார்.

நான் வைத்துவிட்டேன். நீங்கள்?