'நேத்து தின்ன பரோட்டாடா மச்சி!'

செகண்ட் ஷிஃப்ட் முடித்து ஒரகடம் ரூமுக்கு வந்து, நாலு பேர் தரையில் பாய் விரித்துப் படுக்கிறீர்கள். விடிகாலையில் ஒருத்தனுக்கு வயிறு பிசைகிறது, வாந்தி. பரோட்டா மேல் பழி போட்டு, ஜெலுசில் கொடுத்துத் தூங்க வைப்போம். இல்லையா?

கட்டுவிரியன் ஏமாற்றுவது இங்கேதான் பாஸ். ராத்திரி வரும், தூக்கத்தில் புரண்டால் கடிக்கும். பல் சின்னது. வலி, வீக்கம் பெரும்பாலும் இருக்காது. கடித்ததே பலருக்குத் தெரியாது. கேஷுவாலிட்டியில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிட டெஸ்ட்டும் நார்மல் என்றே காட்டும் (கண்ணாடிவிரியனைப் பிடிக்கிற டெஸ்ட் சார் அது!). விவரமான டாக்டர் இமையைப் பார்ப்பார். கண் சொருகும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. 'குடிச்சிருக்கானோ, பக்கவாதமோ' என்று குழம்பினால், அடுத்து மூச்சுத் தசை படுத்துவிடும். அசையாமல் கிடப்பவரைப் பார்த்தால் மூளைச்சாவு மாதிரியே இருக்கும். ஆனால், உள்ளே நினைவு இருக்கலாம்! வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால், எழுந்து நடந்தவர்கள் உண்டு.

மருந்துக்கான விஷம் எடுப்பது நம்ம பக்கத்திலேயேதான். வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். ஆனால், நரம்பு முனைகள் சிதைந்த பிறகு போட்டால் அந்த மருந்து அவற்றைச் சரிசெய்யாது. அதனால்தான் அவசரம்.

கொசுவலைக்குள் தூங்கினால் பாம்புக்கடி குறைகிறது என்று 2007-லேயே நேபாள ஆய்வு ஒன்று சொல்லிவிட்டது. 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், முதலில் சொல்ல வேண்டியது: "தரையில படுத்திருந்தான் டாக்டர்."