திட்டினால் கடை நடக்குமா?

வர்த்தக சகோதரர்களே! இரத்தினபுரி, கேகாலை நகரக் கடைகளில் தோட்டத்து இளைஞர், யுவதிகள் பலர் வேலை செய்கின்றனர். பிழை செய்தால் கண்டிப்பது முதலாளியின் உரிமை. ஆனால் வாடிக்கையாளர் முன்னிலையில் தோட்டத்தையும் குடும்பத்தையும் இழுத்துத் திட்டுவது துன்புறுத்தலாகும்.

லயத்தில் ஒரு குடும்பம் அந்தச் சம்பளத்தை நம்பியிருப்பதால் அவர் வாய் திறக்கமாட்டார். ஒருநாள் சொல்லாமலே நின்றுவிடுவார்.

"அவராகத்தானே போனார், எனக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. தொல்லை தாங்காமல் விலகியதை, முதலாளியே நீக்கியதாகத் தொழில் நியாய சபை கருத இடமுண்டு. அப்படியானால் 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் நட்டஈடு வழங்கவோ, மீண்டும் வேலை கொடுக்கவோ உத்தரவிடலாம்.

பாலியல் தொந்தரவு இதைவிடப் பாரதூரமானது. 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். கை பட வேண்டும் என்பதில்லை, வார்த்தையே போதும்.

செய்ய வேண்டியவை என்ன?

1. பிழையைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். திகதியிட்டு எழுதி வையுங்கள்.
2. மேற்பார்வையாளர் மீது முறைப்பாடு வந்தால் அவரிடமே விசாரணையை ஒப்படைக்காதீர்கள்.
3. முறையிட்டவரை அதற்காக நிறுத்தாதீர்கள்.

சாமான் இருக்கும் இடமும் கடன் கொப்பியும் தெரிந்தவர் போய்விட்டால், புதியவரைப் பழக்க மாதங்கள் செல்லும். அந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதிவாவதில்லை. ஆனால் அதைச் சுமப்பவர் நீங்கள்தான்.