மைலோ டின்னும் ஒரு மத்தளம்



பிள்ளைகளின் பாட்டில் பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் மரத்தோடும் செம்பனைக் குலையோடும் மல்லாடிவிட்டு வீடு திரும்பும் தாய் தகப்பனுக்கு, பிள்ளை தகர டின்னைத் தட்டினால் தலைவலிதான் வரும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அதட்டி நிறுத்துவதற்கு முன், ஐந்து நிமிடம் நீங்களும் சேர்ந்து தட்டிப் பாருங்கள்.

நம் முன்னோர் இந்தச் சுவையை அறிந்தவர்கள். பிள்ளைத்தமிழ் என்னும் நூல் வகையில் பத்துப் பருவங்கள் உண்டு. அவற்றுள் தால் ஒன்று. தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் அது தாலாட்டு. அடுத்து வருவது சப்பாணி, அதாவது கைகொட்டும் பருவம். பிறகு அம்புலி, நிலாவை விளையாட வா என்று அழைப்பது. ஆண் பிள்ளைக்குச் சிறுபறை முழக்கவும் ஒரு பருவம் வைத்தார்கள். தகரம் தட்டுகிற உங்கள் வீட்டுப் பையன் வேறென்ன செய்கிறான்? இந்த நூல்களைப் படித்து மகிழ்ந்தவர்களோ பெரியவர்கள்தாம்.

'எழுத்து வாசனை இல்லாத நான் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுக்க, வாத்தியாரே?' என்று சில தாய்மார்கள் எங்களிடம் கேட்கிறார்கள். கேட்கும்போது எங்களுக்கு மனம் சங்கடப்படும். முதலாம் ஆண்டில் வாயே திறக்காத பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பேசச் சொன்னால் தலை கவிழும். கைதட்டிக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து சொல்லச் சொன்னால், பலருக்குச் சொல் தானாக வந்துவிடும். அந்தத் தாளத்தைப் பழக்க எழுத்து வேண்டியதில்லை. கும்மியடித்த கையும் தாலாட்டுப் பாடிய நாவும் போதும்.

ஒரு விளையாட்டைச் சொல்கிறோம். நம் தாளத்தில் மூன்று எண்ணிக்கைக்குத் 'தகிட' என்று சொல்வார்கள், நான்குக்குத் 'தகதிமி'. இவற்றுக்குத் திஸ்ரம், சதுஸ்ரம் என்று பெயர். பெயர் மறந்தாலும் பாதகமில்லை. பிள்ளை 'தகிட தகிட' என்று சொல்லட்டும். ஒவ்வொரு 'த'விலும் டின்னைத் தட்டட்டும். அம்மா அதே வேகத்தில் 'தகதிமி தகதிமி' என்று சொல்லி, அதன் முதல் எழுத்தில் மட்டும் கைதட்ட வேண்டும். இருவரும் ஒன்றாகத் தொடங்குவீர்கள், உடனே பிரிந்துவிடுவீர்கள். பிள்ளையின் தட்டு 1, 4, 7, 10 என்று விழும். உங்கள் தட்டு 1, 5, 9 என்று விழும். பன்னிரண்டு எண்ணி முடிந்து, பதின்மூன்றாவதில் இரண்டும் மறுபடி ஒன்றாக 'டப்' என்று விழும். அந்த இடத்தில் பிள்ளை சிரிக்கும். நீங்களும் சிரிப்பீர்கள், ஏனென்றால் அதற்குள் யாராவது ஒருவர் தடுமாறியிருப்பீர்கள், பெரும்பாலும் பெரியவர்.

நான்கு மூன்று பன்னிரண்டு, மூன்று நான்கு பன்னிரண்டு என்ற வாய்ப்பாடும் இதில் அடங்கியிருக்கிறது. ஆனால் அதைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். கணக்கு என்று தெரிந்தால் டின்னை வைத்துவிட்டு ஓடிவிடும்!

தாளம் பிடிபட்ட பிறகு சொற்களைச் சேர்க்கலாம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) எழுதிய பாடல்கள் இதற்குப் பொருத்தம். சிறிய அடிகள், எளிய சொற்கள். புத்தகம் கிடைக்காவிட்டால் வீட்டுச் சாமான்களின் பெயரே போதும். 'அரிசி' மூன்றெழுத்து. தகிடவில் அழகாக உட்காரும். 'கருவாடு' தகதிமிக்குப் போகும். எந்தச் சொல் எதில் உட்காரும் என்று பிள்ளையையே கேளுங்கள்.

மூன்றும் நான்கும் சலித்துப்போனால் ஐந்துக்கு வாருங்கள். அதற்குச் சொல் 'தகதகிட'. நான்கும் ஐந்தும் மறுபடி சந்திக்க இருபது எண்ண வேண்டும், கொஞ்சம் கடினந்தான். இதற்குத் தாத்தாவைக் கூப்பிடுங்கள். திருவிழாவில் தப்படித்த கை எளிதில் தடுமாறாது.