தேயிலையின் சுவையறிதல்

சீனத்தின் ஃபூஜியன் கரையோர மக்கள் இவ்விலையைத் 'தே' என அழைத்தனர். கடல்வழிப் பரவிய அச்சொல்லோடு நம் 'இலை' சேரத் தேயிலை ஆயிற்று. 'சா' என்னும் பிறிதொரு சீன வழக்கோ நிலவழியே பாரசீகத்தில் 'சாய்' ஆகி, அரபியில் 'ஷாய்' என நிலைபெற்றது. பெயர்கள் இரண்டாயினும் செடி ஒன்றே. பறித்த இலையை விரைவில் சூடேற்றி நொதிகளைச் செயலிழக்கச் செய்தால் பச்சைத் தேயிலை கிடைக்கிறது. வாட்டி, உருட்டி, காற்றில் முழுமையாக ஆக்சிஜனேற்றம் பெறவிட்டால் அது கறுப்புத் தேயிலை. இடையில் நிறுத்தினால் ஊலாங்.

ஆகவே ஒன்றற்குரிய பக்குவம் மற்றொன்றற்குப் பொருந்தாது. பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 பாகை செல்சியஸ் வெந்நீரும் 2 நிமிடமும் போதும். கொதிநீர் அதனைக் கசக்கச் செய்யும். கறுப்புத் தேயிலைக்குக் கொதிநிலையை ஒட்டிய நீரும் 3 முதல் 5 நிமிடமும் வேண்டும்.

ஒப்பிட்டுச் சுவைப்பதாயின் அளவுகள் ஒன்றாயிருத்தல் அவசியம். 1980இல் வெளியான ஐஎஸ்ஓ 3103 என்னும் சர்வதேச நெறி, 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என வரையறுத்தது. இனிய பானம் தயாரிப்பதற்கன்றி, ஒப்பீட்டில் நடுநிலை பேணவே இம்முறை வகுக்கப்பட்டது. நுவரெலியா மலைத் தேயிலையையும் ருகுணுத் தாழ்நிலத் தேயிலையையும் இவ்வாறு அருகருகே வைத்துப் பருகினால், முன்னதன் வெளிர்பொன் நிறமும் மென்மணமும், பின்னதன் கருஞ்செம்மையும் அடர்சுவையும் உடனே புலப்படும்.

பாலும் சீனியும் மிகுந்த நம் வழக்கில் இவ்வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன. ஈரிலையும் ஒரு கொழுந்துமாகத் தேர்ந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண்களின் கைத்திறனும் அவற்றோடு மறைகிறது. எப்போதேனும் ஒரு கோப்பையைப் பாலின்றிப் பருகுவோமாயின், இலையோடு அவ்வுழைப்பையும் அறிந்தவர்களாவோம்.