தேவாலயத்தில் றொக் இசை



ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அமெரிக்காவிலோ அவுஸ்திரேலியாவிலோ உள்ள பெருந்தேவாலயம் ஒன்றினுள் முதன்முறையாக நுழையும் ஒருவர், தாம் வழிதவறி ஓர் இசையரங்கினுட் புகுந்துவிட்டோமோ என்று ஐயுறக்கூடும். பலிபீடத்தை எதிர்பார்த்த இடத்திலே ஒரு மேடை. மேடைமீது மின்கிட்டார்கள் இரண்டு. பக்கத்திலே மின்விசையால் இயங்கும் பியானோ. கண்ணாடி போன்ற தடுப்பொன்றின் பின்னே முரசுத் தொகுதி. ஞானப்பாட்டுப் புத்தகம் எவர் கையிலும் இல்லை. பாடலின் சொற்கள் பெருந்திரையிலே தோன்றி மறைகின்றன. இதனைக் கண்டு உள்ளம் பூரிப்போரும் உளர். இது வழிபாடா, களியாட்டமா என்று முகஞ்சுளித்து வெளியேறுவோரும் உளர். இரு சாராரும் ஒரே வேதத்தை ஓதுவோர். பல இடங்களில் ஒரே குடும்பத்தினர். இந்த வழக்கு எப்படி எழுந்தது, அதன் உள்ளே கிடக்கும் உண்மையான சிக்கல் எது என்பதையே இன்றைய பேச்சில் ஆராய எண்ணுகிறேன்.

இசைக்கருவி பற்றிய சண்டை திருச்சபைக்குப் புதியதன்று. இன்று தேவாலய இசை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஓர்கன். ஆயின் அந்த ஓர்கனின் பூர்வீகம் என்ன? கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் தெசிபியஸ் என்பவர் நீரழுத்தத்தால் இயங்கும் ஓர்கனை அமைத்தார். உரோமர் காலத்தில் அது ஒலித்த இடங்களுள் ஒன்று, மனிதரை மனிதர் வெட்டிச் சாய்க்கும் மற்போர்க்களம். பின்பு கொன்ஸ்தாந்திநோப்பிள் அரசவையின் ஆடம்பரக் கருவியாகி, 757ஆம் ஆண்டில் பிராங்கியரின் மன்னன் பெப்பினுக்குப் பேரரசனின் பரிசாக மேற்கே வந்தது. தேவாலயத்தினுள் அது குடியேறியது அதற்கும் பிந்தியே. கீழைத் திருச்சபையோ இன்றுவரை பெரும்பாலும் மனிதக் குரலொன்றையே வழிபாட்டிற்கு உரியதாகக் கொள்கிறது. பதினாறாம் நூற்றாண்டிலே சூரிச் நகரின் சீர்திருத்தவாதிகள் ஓர்கன்களை வாய்மூடச் செய்தனர். ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிலே, கிறேபிறையர்ஸ் ஆலயத்துக் குருவானவர் 1860களில் ஆராதனைக்கு ஆர்மோனியத்தையும் பின்னர் ஓர்கனையும் கொணர்ந்தபோது, அது அந்நாட்டுத் திருச்சபையையே கலக்கிய விவகாரமாயிற்று. இன்று கிட்டாரை எதிர்த்து ஓர்கனுக்காக வாதாடும் முதியவர் ஒருவர், தம் முப்பாட்டன் ஓர்கனையே எதிர்த்திருக்கக்கூடும் என்பதை அறிந்தால் சற்றே நகைப்பார்.

இனி, றொக் இசையின் பூர்வீகத்தைப் பார்ப்போம். அது சாராயக்கடையிலே பிறந்து தேவாலயத்தினுள் அத்துமீறிப் புகுந்தது என்பது பலர் எண்ணம். வரலாறு அவ்வளவு எளிதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெந்தெகொஸ்தே சபைகளிலே கைதட்டலும் கஞ்சிராவும் தாளங்களும் முழங்கிய வழிபாடு, றொக் இசை என்ற பெயர் வழங்குமுன்னரே இருந்தது. 1915இல் ஆர்க்கன்சோ மாநிலத்திலே பிறந்த சகோதரி ரொசெற்றா தார்ப், ஊழியம் செய்த தாயோடு அத்தகைய சபையில் வளர்ந்து, மின்கிட்டாரை மீட்டி ஞானப்பாடல்களைப் பாடியவர். 1944இல் அவர் ஒலிப்பதிவு செய்த பாடலொன்றை றொக் இசையின் முன்னோடிகளுள் ஒன்றாக இசை வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். அவர் 1938இல் நியூயோர்க் இரவுவிடுதியொன்றிற் பாடியதற்காகச் சபையார் பலர் அவரை வெறுத்தனர். எல்விஸ் பிறெஸ்லி சிறுவயதில் அமர்ந்ததும் பெந்தெகொஸ்தே ஆலய வாங்கிலேதான். 1954இலே ரே சாள்ஸ் ஒரு ஞானப்பாட்டின் போக்கை எடுத்துக் காதற்பாட்டாக்கியபோது, சபை மக்கள் அதனைத் திருட்டென்றே கருதினர். ஆகவே பின்னாளில் றொக் இசை தேவாலயத்திற்குள் வந்ததை, வீட்டைவிட்டுப் போன பிள்ளை வேறு உடையணிந்து திரும்பியதாகச் சொல்வோரும் உண்டு. அதிற் பாதி உண்மை உண்டு. அந்தப் பிள்ளை புறப்பட்டது கறுப்பினத்தவரின் வீட்டிலிருந்து. திரும்பி வந்து கதவைத் தட்டியதோ பெரும்பாலும் வெள்ளையரின் வீட்டை என்பதே மற்றப் பாதி.

இங்கிலாந்தில் நடந்தது வேறு வகை. ஆங்கிலிக்கன் குருவானவர் ஜெப்ரி போமொண்ட், சாதாரண மக்கள் நாள்தோறும் கேட்கும் இசையிலேயே திருவிருந்து ஆராதனை நடைபெற வேண்டும் என்று கருதி ஒரு பூசை இசையை அமைத்தார். 1956இல் அச்சில் வந்த அதனை அடுத்த ஆண்டிலே பீ.பீ.சீ. தொலைக்காட்சி ஒளிபரப்பிற்று. எதிர்ப்பும் ஆரவாரமும் எழுந்தன. ஆயின் இன்று அதைக் கேட்போருக்கு வேறொன்று புலப்படும்: அது இளைஞரின் இசையே அன்று. 1955 முதலே பில் ஹேலியின் பாடல்களிலும் பின்பு பிறெஸ்லியிடமும் மயங்கியிருந்த இளைஞருக்குக் குருவானவர் அளித்தது, அவர்களுடைய பெற்றோர் இளமையில் ஆடிய நடன இசையின் சாயல். திருச்சபை காலத்தோடு ஒட்டி நடக்க முயலும்போதெல்லாம் இருபது ஆண்டு பிந்தியே போய்ச் சேருவது ஒரு தீராத நோய்போலும்!

இரட்சணிய சேனை இதில் வேகமாயிருந்தது. 1963இல் அதன் தலைவராகத் தெரிவான பிறெடெரிக் கூற்ஸ், நற்செய்தியை மக்கள் இருக்கும் இடத்திற்கே கொண்டுசெல்ல வேண்டுமெனில் மின்கிட்டாரையும் எடுக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். விளைவாக, ஜோய் வெப் என்னும் பெண் அதிகாரியின் தலைமையில் ஜோய்ஸ்ற்றிங்ஸ் என்ற குழு சீருடையோடே தோன்றி, 1964இல் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

கத்தோலிக்கத் திருச்சபை எழுத்திலே விதி வகுக்கும் சபை. 1903இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் பியானோவையும் முரசு, கைத்தாளம் முதலிய ஓசை மிகுந்த கருவிகளையும் ஆலயத்தில் தடை செய்தார். அறுபது ஆண்டு கழிந்து 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஓர்கனுக்கு முதன்மை கொடுத்து, தகுதியுடைய பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்றது. 1967இல் வந்த அறிவுறுத்தலோ, உலகியல் இசைக்கே உரியவை எனப் பொதுவாகக் கருதப்படும் கருவிகளை விலக்குமாறு பணித்தது. கிட்டார் உலகியற் கருவியா, அன்றா? ஸ்பானியத் தேசத்தில் ஒரு விடை, சிக்காகோவில் இன்னொரு விடை. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்ற வாதம் அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை.

மெய்யான றொக் இசை முழு உருவோடு வழிபாட்டினுள் வந்தது கலிபோர்ணியாவிலே. கொஸ்ரா மேசா என்ற ஊரின் கல்வாரிச் சபைப் போதகர் சக் ஸ்மித், 1960களின் இறுதியில், நீள்முடியும் வெறுங்காலுமாய்த் திரிந்த ஹிப்பி இளைஞரைத் தம் ஆலயத்தில் ஏற்றார். வந்தவர்கள் தம் கிட்டார்களோடு வந்தனர். அவர்களுடைய பாடல்களைத் தொகுத்து வெளியிட 1971இல் மரநாதா என்னும் இசை நிறுவனம் எழுந்தது. பின்பு 1983இல் சிட்னியில் தொடங்கிய ஹில்சோங் சபை, இப்பாடல்களை உலகெங்கும் பரப்பும் பெருந்தொழிற்சாலை ஆயிற்று.

இனி மறுப்பாளரின் நியாயத்தைக் கேட்போம். முரசொலி சாத்தானின் அழைப்பு என்று 1960களில் எழுதப்பட்ட துண்டுப்பிரசுரங்களை ஒதுக்கிவிடலாம். அவற்றுட் பல ஆபிரிக்க மக்கள்மீதுள்ள வெறுப்பையே இறையியல் மொழியிற் கூறின. மதிப்புக்குரிய மறுப்பு ஒன்றுண்டு. பின்னாளில் பதினாறாம் பெனடிக்ற் என்ற பெயரிற் பாப்பரசரான கர்தினால் ராட்சிங்கர், 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிலே, றொக் இசை தனிமனிதனைக் கூட்டத்தினுட் கரைத்து, தாளத்தாலும் ஒலியாலும் தன்னை மறக்கச் செய்கிறது. கிறிஸ்தவ வழிபாடோ அறிவைத் தெளியவைத்துச் சொல்லின்பாற் கொணர்வது என்ற பொருள்பட வாதிட்டார். இதற்கு விடை இறுப்பது எளிதன்று. தாளத்தில் தன்னை மறப்பதையே பக்தியாகக் கொண்ட சபைகளும் பழமையானவையே என்பது மட்டும் என் குறிப்பு.

எனினும், இந்த வழக்கிற் பெரும்பாலோர் பேசாத ஒரு பகுதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது ஒலியின் இயல்பு. ஒலி காற்றிலே வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். கற்சுவரும் உயர்ந்த வளைவுக்கூரையும் உடைய பேராலயத்தில் ஓர் ஒலி எழுந்தால், அது சுவர்களில் மோதி மோதி அடங்கப் பல வினாடிகள் ஆகும். நீட்டிப் பாடும் பழைய கிறகோரியன் கீதமும் ஓர்கனின் தொடர் நாதமும் இத்தகைய கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இனிமை பெறுகின்றன. றொக் இசையின் நிலை வேறு. நிமிடத்திற்கு 120 அடிகள் விழும் ஒரு பாட்டிலே ஓர் அடிக்கு அரை வினாடி. அந்த அடியை நான்காகப் பிரித்து முரசு வாசித்தால், தட்டுக்கும் தட்டுக்கும் இடையே வினாடியின் எட்டிலொரு பங்கே உண்டு. நான்கு வினாடி எதிரொலிக்கும் ஆலயத்தில், முதலாவது தட்டு அடங்குமுன் முப்பத்திரண்டு தட்டுகள் விழுந்துவிடும். கேட்போர் காதில் எஞ்சுவது தாளமன்று, இரைச்சல். பழைய ஆலயத்தில் றொக் இசை தோற்றுப்போனால், பல சமயம் குற்றவாளி பக்தியின்மை அன்று, கட்டடமே.

இதையறிந்த புதிய சபைகள், தரையிற் கம்பளமும் கூரையில் ஒலியுறிஞ்சும் தட்டிகளும் பொருத்திய மண்டபங்களைக் கட்டின. முரசு தெளிந்தது. ஆனால் வேறொரு துன்பம் பிறந்தது. எதிரொலியற்ற மண்டபத்திலே பாடும் ஒருவனுக்கு அயலவரின் குரல் வந்து துணைசெய்வதில்லை. தன் குரல் மட்டுமே தனித்துக் கேட்க, நாணித் தாழ்த்துகிறான். அந்த மௌனத்தை நிரப்ப ஒலிபெருக்கி உயர்கிறது. ஒலிபெருக்கி உயர உயர அவன் குரல் அவனுக்கே கேளாமற் போகிறது. எட்டு மணிநேரம் தாங்கத்தக்க ஒலியளவு 85 டெசிபெல் என்றும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்துள்ளது. அக்கணக்கின்படி 100 டெசிபெலுக்கு உரிய நேரம் பதினைந்தே நிமிடம். முரசைச் சுற்றி நிற்கும் அந்தக் கண்ணாடித் தடுப்பு இதனாலேயே வந்தது.

பாட்டின் அமைப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய ஞானப்பாட்டு ஒரே யாப்பில் அமைந்த நான்கு அடிகள் திரும்பத் திரும்ப வருவது, அசைக்கொரு சுரம், கும்மிப் பாட்டைப்போல, முதற் கண்ணியிற் கேட்டவன் இரண்டாம் கண்ணியிற் சேர்ந்துகொள்வான். றொக் பாட்டு தனிப் பாடகருக்காகப் பிறந்தது. சொல் தாளத்திற்குச் சற்று முந்தி விழும், ஓரிடத்தில் நீளும், மறுமுறை வேறாக விழும். ஆண் பாடகர் உணர்ச்சிக்காகத் தம் குரலின் உச்சியில் நிற்பார். அந்தச் சுருதியில் சாதாரண ஆணால் எட்டமுடியாது, பெண்களுக்கோ அது கீழே போய்விடும். மேலும், முன்னாளில் ஒரு பாட்டு புத்தகத்தில் ஏறுமுன் குழுவொன்று கூடி ஆய்ந்தது. புதுப்பாட்டோ ஒலித்தட்டிலிருந்து நேரே மேடைக்கு வருகிறது. சபை அதைக் கற்றுமுடிக்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. வாய் மூடி நின்று பார்க்கும் சபை இப்படித்தான் உருவாகிறது. மின்கிட்டார் உள்ளே வந்ததைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. அதோடுகூட இரசிகர் கூட்டம் என்ற வழக்கமும் உள்ளே வந்ததைப் பற்றியே கவலைப்படுகிறேன்.

சண்டையைத் தவிர்க்கச் சபைகள் பல கண்ட உபாயம், எட்டு மணிக்கு ஓர்கன் ஆராதனை, பத்து மணிக்குக் கிட்டார் ஆராதனை என்று பிரிப்பது. அமைதி கிட்டிற்று. ஆயின் பாட்டனும் பேத்தியும் ஒரே ஆலயத்தின் அங்கத்தவராயிருந்தும் வாசலிலே மட்டும் சந்திக்கலாயினர்.

நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர், தமிழ் இராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனங்கள் பாடியபோது, புதிதாய் வந்த மிசனரிமார் சிலர் ஆலயத்திலே தமிழிசையை விலக்க முற்பட்டனர். சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தெழுதினார். அதே எழுத்துக்களில் சாதி வேற்றுமையை விட மறுத்தும் வாதாடினார் என்பதை மறைத்தலாகாது. பின்பு 1853இல் அமெரிக்க மிசனரி எட்வேட் வெப் அக்கீர்த்தனங்களைத் தொகுத்து அச்சிட்டார். முன்னாளில் அரங்குக்குரியதென ஒதுக்கப்பட்ட அந்த இசையே, இன்று மின்வாத்தியத்தோடு வரும் இளைஞருக்கு எதிராக நம் பெரியோர் காக்கும் பாரம்பரியமாயிற்று.

வெளிநாட்டுச் சபைகள் சிலவற்றில் இசை நடத்துவோர் அண்மைக்காலத்திலே சில மாற்றங்களைச் செய்து பார்க்கின்றனர். ஒலிப்பதிவில் உள்ள சுருதியை இரண்டு மூன்று படி இறக்கிவிடுகின்றனர். புதுப்பாட்டை அடுத்தடுத்த வாரங்களிலும் மீண்டும் பாடுவிக்கின்றனர். கடைசிக் கண்ணியில் முரசையும் கிட்டாரையும் நிறுத்தி, ஒலிபெருக்கியையும் தாழ்த்திவிடுகின்றனர். அப்போது சபையார் தம் குரலைத் தாமே கேட்டு ஓரிரு அடிகள் தயங்கிப் பின் தொடர்கின்றனர்.