மோகம் கொடுத்த மோட்டார் சைக்கிள்

ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்த மயக்கத்தில் யாராவது ஊரை விட்டே கிளம்புவார்களா? கிளம்பினார் ஒருவர், நேயர்களே! கோவை பக்கம் கலங்கல் கிராமத்து இளைஞர். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்கு வேப்பங்காய். ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் தானாக ஓடுகிறதே! அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

நேராகக் கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலை. காசைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார்! மறுபடி பூட்டினார். படிக்காத படிப்பெல்லாம் அதில் படித்தார்.

அவர்தான் ஜி.டி. நாயுடு. 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஒரு பஸ் பல பஸ்களாகி, பெரிய நிறுவனமே ஆனது. பிறகு மோட்டார், ரேடியோ, சவர பிளேடு என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

கோவை அவினாசி சாலையில் அவர் பெயரிலேயே ஒரு கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். வண்டிப் பைத்தியம் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், மறக்காமல் கூட்டிப் போங்கள்!